மூணு நாள் லீவுக்கு மெட்ராஸ்

மூணு நாளைக்கா இம்மாம் பெரிய மூட்டை? நான் என்னமோ குடித்தனமே மாத்திக்கிட்டுப் போறீங்கன்னுல்ல நெனச்சேன். இருக்கட்டும், இருக்கட்டும், அந்தப் பைய என் காலுக்கிட்டயே வைங்க, எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல. பாப்பாவ சன்னலோரம் விடுங்கம்மா. சன்னல நான் என்ன பட்டா போட்டா வாங்கியிருக்கேன்? வா ஆயி, வந்து உக்காரு. தலைய மட்டும் வெளிய நீட்டக்கூடாது.

அப்ப பீச்சு, வண்டலூரு, அப்பறம் என்ன சொன்னீங்க, கோளரங்கமா? அது நான் பாத்ததில்ல. நான் எம் புள்ளைங்கள கூட்டிக்கிட்டுப் போனப்ப வண்டலூரு ஏது. சென்ட்ரல் ஸ்டேசனுக்குப் பக்கத்துலயே புலி, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் கெடந்துச்சு. உயிர் காலேஜும்பாங்க. எழும்பூர் பக்கம் எலும்புக்கூடும் ஒடஞ்ச சாமியும் வச்சிருப்பாங்களே, அது செத்த காலேஜு. சிரிக்காதீங்க, மெட்ராஸ்காரங்களே அப்படித்தான் சொன்னாங்க. எந்தம்பி கண்ணுசாமி ரெண்டு காலேஜுலயும் எங்கள சேத்து விட்டான். எங்க வம்சத்துல காலேஜுக்குப் போன மொத ஆளு நான்தான்.

அது எழுவத்திரண்டும்மா. காந்தி பொறந்தநாளு திங்கக்கெழம வந்துச்சு. சனி, ஞாயிறு, திங்கள், உங்கள மாரியே மூணு நாளு. பையனுக்கு எட்டு, பொண்ணுக்கு அஞ்சு. இந்தத் தம்பி ஒசரந்தான் இருப்பான் எம் பையன்.

வீட்ட பூட்டிட்டு வந்தீங்கல்ல? நல்லது. எங்க வீட்ல பூட்டறதுக்கு கதவு ஏது, பனமட்டத் தட்டிதான், கயித்தப் போட்டு இழுத்துக் கட்டணும். அதனால நான் ஆள வச்சிட்டுப் போனேன். எம் புருசன வச்சிட்டுப் போனேன். திரும்பி வந்தப்ப வீடும் இல்ல, புருசனும் இல்ல.

அட, மொகத்த ஏன் அப்படி வச்சிக்கறீங்க. இருவத்தஞ்சு வருசமாச்சு. அழுதெல்லாம் தீந்துபோச்சு. புள்ளைங்கள கூட்டிக்கிட்டு மூணு நாளைக்குப் போறேன்னு சொன்னீங்களா, அதான் வாய்ல வந்துடுச்சு. வேணாம்னா வுட்டுடறேன்.

இல்ல, தீயெல்லாம் வைக்கல. தீ வச்சா பேப்பர்ல வந்துடும்னு எங்க பண்ணையாருக்குத் தெரியும், புத்திசாலி. எங்க ஊரு திருத்துறப்பூண்டிக்குத் தெக்கால ஆறு மைலு. தெருன்னா ஏழே குடிச, ஏழும் பண்ண மனையில. என் மாமியாளுக்கு மாமியா காலத்துலேருந்து அங்கதான் கெடக்கறோம். ஆனா என்னிக்கு போன்னு சொன்னாலும் சட்டி பானைய தூக்கிக்கிட்டுப் போயிடணும். அப்படி இருக்கறப்ப சூரியன் கட்சி ஆட்சியில ஒரு சட்டம் போட்டாங்க. எவன் எந்த மனையில குடியிருக்கானோ அந்த மனை அவனுக்கே சொந்தம்னு. நம்ப முடியல எங்களால. எம் புருசன் முருகையன் அன்னிக்கு ராத்திரி வாசல்ல படுத்துக்கிட்டு இந்த மண்ணு எனக்குடி, இந்த மண்ணு எனக்குடின்னு கையால தட்டிக்கிட்டே இருந்தாரு. பைத்தியம் மாரி.

பண்ண ஒத்துக்குவாரா? அவரும் அதே கட்சிதான், அத கேளுங்க. அறுவத்தேழு வரைக்கும் கதரு. ஓட்டு எண்ணி முடிச்ச மறுவாரம் பாத்தா கறுப்பு செவப்பு கரை போட்ட வேட்டி. துண்டத்தான் மாத்தினாரு, தோள மாத்தலன்னு எங்க விவசாயக் கூலிக்காரங்க சங்கத்துல சொல்லி சிரிப்பாங்க. சட்டம் போட்ட ஆட்சியும் அவரோடது, சட்டத்த ஏமாத்தற ஆளும் அவருதான். நாம எங்க போயி முட்டிக்கறது?

தாலுக்காபீசுலேருந்து ஆர்.ஐ. வந்து வீடு வீடா பாத்து எழுதினாத்தான் பட்டா. அவர் வர்ற அன்னிக்கு மனையில வீடு இருக்கணும், வீட்ல ஆள் இருக்கணும், அடுப்பு எரியணும். அக்டோபர் மூணாந்தேதி, செவ்வாக்கெழம வர்றாருன்னு தகவல் வந்துச்சு. வர்ற வரைக்கும் எந்த வீடும் காலியா கெடக்கக்கூடாது, ஒருத்தராச்சும் இருக்கணும்னு சங்கத்துல கட்டுப்பாடு.

அந்த நேரம் பாத்து நடவுக் கூலி தகராறு வேற. நாங்க எறங்க மாட்டோம்னோம், பண்ண மேக்கத்தி ஆளுங்கள லாரியில கொண்டாந்து எறக்கிட்டாரு. ரெண்டு மாசமா வேல இல்ல. நத்தை, நண்டு, வயல் எலி, இதான் சோறு. புள்ளைங்களுக்கு வவுறு ஊதிப்போயி கையி காலு குச்சியா கெடக்குது. கண்ணுசாமி மெட்ராசு ஹார்பர்ல மூட்ட தூக்கறான், அவன் தெரிஞ்ச ஆளுகிட்ட டிக்கெட்டுக்குப் பணமும் குடுத்து சொல்லியும் அனுப்பறான், அக்கா, மூணு நாள் லீவு வருது, புள்ளைங்களயாச்சும் கூட்டிக்கிட்டு வா, மூணு நாளைக்கு சோறு தின்னட்டும்னு.

நான் வேணாம்னுதான் சொன்னேன். இந்த நேரத்துலயான்னு. முருகையன்தான் வெரட்டினாரு. வெறகு பொளக்கறப்ப கோடாலி நழுவி அவருக்குப் பாதத்துல ரெண்டு வெரல் அகலத்துக்குக் காயம், நடக்க முடியாது. நான் எங்கடி போவப்போறேன், ஒக்காந்து அடுப்ப எரிச்சுக்கிட்டு இருக்கேன், நீ போயி புள்ளைங்க வவுத்துல எதாச்சும் போடுன்னாரு. சங்கத்துலயும் சரின்னுட்டாங்க. வீட்ல ஆள் இருக்குதுல்ல, போயிட்டு வான்னாங்க.

வெள்ளிக்கெழம சாயங்காலம் ரயிலேறினோம். கெளம்பறப்ப வெளிய வந்து தட்டியில ஒரு கைய ஊணிக்கிட்டு நின்னாரு. பொண்ணு அப்பா டாட்டான்னுச்சு. எங்க கத்துக்கிட்டுச்சோ. அவருக்கு வெக்கம் வந்துடுச்சு, கைய ஆட்டத் தெரியல, மண்டைய சொறிஞ்சுக்கிட்டே நின்னாரு. அதான் நான் கடைசியா பாத்தது.

மெட்ராச கேளுங்க. வியாசர்பாடியில தம்பி குடிசையும் எங்க குடிச மாரிதான், என்ன, நாத்தம் ஜாஸ்தி. ஆனா மூணு வேளையும் சோறு. எம் பொண்ணு மொத நாளு தின்னுட்டு, தட்ட கையில புடிச்சுக்கிட்டே கேக்குது, நாளைக்கும் இங்க சோறு உண்டாம்மான்னு. எந்தம்பி பொண்டாட்டி முந்தானைய வாயில வச்சிக்கிட்டு வெளிய போயிட்டா. பதினாலு மாடி கட்டடத்துக்கு எதுக்க நின்னு பையன் எண்ணினான். எண்ண எண்ண தப்பிப்போவுது, திரும்ப எண்ணறான். வர்றவன் போறவனெல்லாம் சிரிக்கறான். மூர் மார்க்கெட்டுல முருகையனுக்கு ஒரு சோடி டயர் செருப்பு வாங்கினேன். எங்க ஊர்ல நாங்க செருப்பு போட்டு பண்ண தெருவுல நடக்கக்கூடாது, சங்கம் வந்த பொறவும் அவ்வளவா யாரும் போட்டதில்ல. இருந்தாலும் கால்ல காயம், மண்ணு படாம இருக்கட்டும்னு வாங்கினேன். அளவுக்கு என்ன பண்ணினேன் தெரியுமா, என் சாண வச்சுப் பாத்தேன். ஒரு சாணும் நாலு வெரலும். அவரு பாதம் எனக்குத் தெரியாதா?

திங்கக்கெழம மதியம் பீச்சு. புள்ளைங்க அல கிட்ட வந்தா ஓடறதும், அல போனா தொரத்தறதுமா கெடக்குதுங்க. நான் மணல்ல ஒக்காந்து சுண்டல் தின்னுக்கிட்டு சும்மா பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு வெவரம் தெரிஞ்சு வேல இல்லாம, பசி இல்லாம, பயம் இல்லாம ஒக்காந்திருந்தது அந்த ஒரு மதியந்தாம்மா. பின்னால நேரத்தக் கணக்குப் போட்டுப் பாத்தேன். அங்க டிராக்டர் எறங்கின நேரமும் அதான்.

செவ்வாக்கெழம காலையில வந்து எறங்கி நடந்தோம். மதகத் தாண்டினா எங்க தெரு தெரியணும். தெரியல. யம்மா, தப்பு வழியில வந்துட்டோமான்னு பையன் கேக்கறான். எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. நடு வயலு அது. தண்ணி கட்டி, சேறடிச்சு, வரிசையா நாத்து நட்டு, பச்சப்பசேல்னு நிக்குது. பழைய வயல் மாரியே இருக்கு. ஏழு வீடும்மா. மண்ணு செவுரு, அடுப்பு, ஒரலு, கோழிக்கூண்டு, ஒண்ணு இல்ல. ரோட்டு மேட்டுல எங்க சனமெல்லாம் ஒக்காந்திருக்கு. பொம்பளைங்களுக்கு அழுவக்கூட தெம்பு இல்ல. வயல சுத்தி போலீசு. பயிருக்குக் காவலு.

பத்து மணிக்கு ஆர்.ஐ. வந்தாரு. கொடைய விரிச்சுக்கிட்டு வரப்பு மேல நின்னு பாத்தாரு. எங்க ஆளுங்க கத்தறாங்க, சாமி இதான் எங்க வீடு, இதான் எங்க வீடுன்னு. வயலத்தானேய்யா காட்டறீங்கன்னாரு. நஞ்சை, நடவு ஆயிருக்கு, குடியிருப்பு இல்ல. அப்படி எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. பொய் எழுதல பாருங்க அந்த மனுசன். கண்ணால பாத்தத எழுதினாரு.

நான் அதையெல்லாம் எங்க கேட்டேன். எம் புருசன் எங்க, எம் புருசன் எங்கன்னு ஒவ்வொருத்தரா பிடிச்சு உலுக்கறேன்.

நடந்தது என்னன்னா, திங்கக்கெழம திருவாரூர்ல சங்கத்து ஊர்வலம். ஆம்பள, பொம்பள, புள்ளகுட்டி எல்லாம் லாரியில போயிட்டாங்க. பகல்தானே, இருட்டறதுக்குள்ள வந்துடப்போறோம், ஆர்.ஐ. நாளைக்குத்தானே வர்றாருன்னு. கட்டுப்பாட்ட அவங்களே தளத்திட்டாங்க. நடக்க முடியாத முருகையனையும், தொணைக்குப் பக்கத்து வீட்டு தங்கையனையும் காவலுக்கு வுட்டுட்டுப் போயிருக்காங்க. தங்கையன் மதியத்துல பீடியும் டீயும் வாங்கியாறேன்னு கடைத்தெருவுக்குப் போயிருக்கான். அந்த ஒரு மணி நேரம். திரும்பி வர்றப்ப தூரத்துலேருந்தே பாக்கறான், டிராக்டரு, நாப்பது அம்பது பேரு, கூரையெல்லாம் சரிஞ்சு கெடக்கு. தாழம்பொதருக்குள்ள பூந்து ஒளிஞ்சிக்கிட்டானாம். முருகையன பாக்கலன்னான். கத்தறது கேட்டுச்சாம். கொஞ்ச நேரத்துல அதுவும் கேக்கலியாம்.

போலீசுக்குப் போவாம இருப்பேனா? போனேன். செருப்பு சோடியும் கையிலயே இருக்கு, எங்க வைக்கறதுன்னு தெரியாம தூக்கிக்கிட்டே அலையறேன். பண்ண எங்களுக்கு முந்தியே போயி எழுதிக் குடுத்திருக்காரு, முருகையன் குடும்பத்தோட மெட்ராசுக்குப் போயிட்டான்னு. ஊரே பாத்துச்சுல்ல நாங்க போனத. இன்ஸ்பெக்டரு செருப்ப வாங்கித் திருப்பித் திருப்பி பாத்தாரு. யாருக்குன்னாரு. அவருக்குங்கய்யான்னேன். எங்க வாங்கினேன்னாரு. மெட்ராசுலங்கன்னேன். ஆளு கூட இல்லாமலா அளவெடுத்து வாங்கினே, கால நீட்டி போட்டுப் பாத்துட்டுத்தானே வாங்கியிருப்பான், புருசன் எவளையோ இழுத்துக்கிட்டு அங்கயே தங்கிட்டான், இங்க வந்து ஒப்பாரி வைக்கறியான்னாரு. நான் சாண காட்டறேன், இப்படித்தான்யா அளந்தேன், ஒரு சாணும் நாலு வெரலும்னு. ஸ்டேசனே சிரிக்குது.

ஒடம்பு கெடைக்கலம்மா. ஒடம்பு இல்லன்னா கேசு இல்ல. நாங்க மூணு பேரும் மெட்ராசுக்குப் போனது பண்ணைக்கு நல்லா ஒதவிச்சு.

எங்க இருக்கும்னு எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். அந்த வயல நோண்டிப் பாருங்கன்னு கலெக்டரு வரைக்கும் மனு போட்டோம். நட்ட பயிர அழிக்கறதுக்கு உத்தரவு இல்லன்னுட்டாங்க. அறுப்பு முடிஞ்ச பொறவு கேட்டா, இனிமே என்னன்னுட்டாங்க. தகராறு தீந்த மறுவருசம் அந்த வயல்ல களை எடுக்க நானும் எறங்கினேன். ஆமா, கூலிக்கு. வேற எங்க போறது, ரெண்டு புள்ளைய வச்சுக்கிட்டு? மத்தவளுங்க கையால களைய தேடுவாளுங்க, நான் கால சேத்துக்குள்ள அழுத்தி அழுத்தி வைப்பேன், எதாச்சும் தட்டுப்படுதான்னு. ஒரு தடவ எங்க ஒரல்கல்லு தட்டுப்பட்டுச்சு. அவ்வளவுதான். பதினோரு வருசம் எறங்கியிருக்கேன் அந்த வயல்ல.

பாப்பா தூங்கிடுச்சா? என் மேலயே சாஞ்சுக்கட்டும், எழுப்பாதீங்க.

இன்னிக்கும் எங்க சனத்துக்கிட்ட கேட்டீங்கன்னா வீடு போனதவிட, ஆளு போனதவிட ஒண்ணத்தான் பேசும். அன்னிக்கு தெரு காலின்னு பண்ணைக்கு யாரு சொன்னா? ஊர்வலத்துக்குப் போறது சங்கத்துக்குள்ள பேசினது. டிராக்டர், மாடு, அம்பது ஆளு, நடறதுக்கு நாத்துக்கட்டு, எல்லாம் தயாரா வச்சிருந்தாருன்னா மூணு நாளைக்கு முன்னாலயே அவருக்குத் தெரிஞ்சிருக்கு. யாரோ காட்டிக்குடுத்திருக்காங்க.

யார நெனப்பாங்க? தங்கையனத்தான். காவலுக்கு வச்ச ஆளு சரியா அந்த நேரத்துல டீ வாங்கப் போறானா? அன்னிக்கே ரோட்டு மேட்டுல எல்லாரும் அவன சுத்தி நிக்கறாங்க. அவன் பொண்டாட்டி நீலாம்பா கைக்கொழந்தைய இடுப்புல வச்சுக்கிட்டு ஓரமா நிக்கறா. அவன் சத்தியம் பண்றான், சாமி மேல, புள்ள மேல. எல்லாரும் என்னயப் பாத்தாங்க, புருசன பறிகுடுத்தவ நானு. நான் குனிஞ்சு ரெண்டு கையாலயும் மண்ண அள்ளினேன். அள்ளி அவன் மொகத்துல தூத்தினேன். ஒங் குடி வெளங்குமாடா, ஒன் வம்சத்துக்கு வெளக்கேத்த ஆள் இருக்குமாடான்னு கத்தினேன். அதோட முடிஞ்சுது அவன் கத. யாரும் நெருப்பு குடுக்கல, தண்ணி குடுக்கல, வேலைக்குக் கூப்புடல. எதுக்க வந்தா எச்சி துப்பினாங்க. மார்கழியில பயிருக்கு அடிக்கற எண்டிரின் மருந்த குடிச்சிட்டான். தூக்கறதுக்கு நாலு ஆளு வரல. நீலாம்பா அண்ணந்தம்பிங்க வெளியூர்லேருந்து வந்துதான் தூக்கினாங்க.

பொறுங்க, கொஞ்சம் தண்ணி குடிச்சிக்கறேன்.

இல்ல இல்ல, எனக்கு ஒண்ணுமில்ல. எங்க போறேன்னு கேட்டீங்கல்ல அப்பயே, மவன் வீட்டுக்குன்னேன். அந்த எட்டு வயசுப் பையன்தான், வீரையன். மாமன புடிச்சு ஹார்பர்லயே கிரேன் ஓட்டறான் இப்ப. மருமவ யாரு தெரியுமா? வேம்பு. நீலாம்பா இடுப்புல இருந்துச்சே அந்தக் கைக்கொழந்த. நானேதான் போயி கேட்டேன். பையன் ஒத்துக்கல, எங்கப்பன கொன்னவன் மவளயாம்மான்னான். எந்தம்பி பேச்ச நிறுத்திட்டான். நான் ஒத்தக்காலுல நின்னு கட்டி வச்சேன். கல்யாணத்தன்னிக்கு சங்கத்து ஆளு மைக்குல பேசறாரு, இந்தத் தாய்க்கு இருக்கற மனசு யாருக்கு வரும், துரோகி மவளுக்கு வாழ்வு குடுத்தாங்கன்னு. கை தட்டறாங்க எல்லாரும். வேம்பு தலைய குனிஞ்சுக்கிட்டு ஒக்காந்திருக்கு. நீலாம்பா ஓடி வந்து என் கால்ல விழுந்துட்டா. எங்கள மன்னிச்சிட்டியே, எங்கள மன்னிச்சிட்டியேன்னு கால விட மாட்டேங்கறா. எனக்கு அப்படியே பூமி பொளந்து உள்ள இழுத்துக்கிட்டா தேவலன்னு இருந்துச்சு.

நல்ல பொண்ணும்மா அது. அத மாரி ஒருத்தி கெடைக்க மாட்டா. எம் புருசன் படம்னு ஒண்ணு கெடையாது, யார் எடுத்தா. அது ஒரு வெறும் சட்டத்த மாட்டி வச்சு, அதுக்கு அம்மாவாசைக்கு அம்மாவாசை படைக்குது. அவங்கப்பனுக்கு ஒண்ணும் கெடையாது. பேரே எடுக்காது. போன மாசம் எம் பேரனுக்குப் பள்ளிக்கூடத்துல தாத்தா பேரு கேட்டிருக்காங்க, ரெண்டு தாத்தா பேரும் எழுதிட்டு வான்னு. அம்மாவோட அப்பா பேரு என்னம்மான்னு கேட்டிருக்கான். அந்தப் பேர ஏன்டா என் வாயால சொல்லச் சொல்றேன்னு கொழந்தைய போட்டு அடிச்சிருக்கு. எம் மவன்தான் போன் பண்ணி சொன்னான், பக்கத்து மளிகைக் கடையில வந்து பேசினேன். அன்னிலேருந்து எனக்குத் தூக்கமில்ல. இப்ப பள்ளிக்கூடம் மூணு நாள் லீவு, வாங்க அத்த, புள்ளைங்களோட இருந்துட்டுப் போங்கன்னு கூப்புட்டுச்சு. அதான் போறேன்.

நீங்க படிச்சவங்க, ஒண்ணு கேக்கறேன். நீங்க வெளியூர் போறப்ப யாருகிட்டயாச்சும் உத்தரவு கேப்பீங்களா? கேக்க மாட்டீங்க. எங்களுக்கு எல்ல தாண்டணும்னா பண்ணகிட்ட சொல்லிக்கணும். சங்கம் வர்றதுக்கு முந்தி அதான் வழக்கம். எனக்கு ஏழு வயசு இருக்கறப்ப எங்கம்மா ஒரு சாவுக்குப் போனா, நாகப்பட்டணம் பக்கம். அண்ணன் செத்துட்டான்னு சேதி வந்த பதட்டத்துல சொல்லாம போயிட்டா. திரும்பி வந்தன்னிக்கு அவள தென்னமரத்துல கட்டி வச்சு சாணிய கரச்சு வாயில ஊத்தினாங்க. நான் பாத்துக்கிட்டு நின்னேன். அன்னிலேருந்து எனக்கு வெளியூர்னா போதும், காலு தன்னால பண்ணக் கொல்லைக்குப் போவும்.

அந்த வெள்ளிக்கெழமையும் போனேன்மா. பண்ண வாசப்படி மிதிக்கக்கூடாதுன்னு சங்கத்துல கட்டுப்பாடு. சாணி பொறுக்கற மாரி கூடைய இடுப்புல வச்சுக்கிட்டு கொல்லப்பக்கமா போயி, வைக்கப்போருக்கிட்ட நின்னேன். சொல்லாம போனா அதையே சாக்கா வச்சு வீட்ட பிரிச்சுப்புடுவாரோன்னு பயம். வீட்ட காப்பாத்திக்கத்தான் போனேன், இதப் புரிஞ்சிக்கங்க. ஆண்டே, புள்ளைங்கள கூட்டிக்கிட்டு மூணு நாளைக்கு மெட்ராசுக்குப் போயிட்டு வாறேன், உத்தரவு குடுங்கன்னேன். ஆண்டேன்னு கூப்புடக்கூடாதுன்னு சங்கத்துல எத்தனையோ தடவ சொல்லியிருக்காங்க, வாய் கேட்டாத்தானே. அவரு கோவிக்கவே இல்ல. அவ்வளவு அன்பா பேசறாரு. முருகையனும் வர்றானான்னாரு. இல்லங்க, கால்ல காயம், வீட்லதான் இருக்காருன்னேன். ஒத்தையிலயா இருப்பான்னாரு. தங்கையன் இருக்கான், திங்கக்கெழம மத்தவங்க எல்லாம் திருவாரூருக்குப் போறாங்க ஆண்டேன்னேன். அவர் அடிக்கல, மெரட்டல, கேட்டாரு, சொன்னேன். அவர் கேட்டு பதில் சொல்லாம நின்னு எனக்குப் பழக்கமில்ல. நல்லபடியா போயிட்டு வான்னு சொல்லி, உள்ளேருந்து ஒரு சீப்பு பழம் கொண்டாரச் சொல்லி புள்ளைங்களுக்குன்னு குடுத்தாரு. கையேந்தி வாங்கிக்கிட்டேன்.

ரோட்டு மேட்டுல நின்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் மண்ண அள்ளினேன். எம் பக்கம் திரும்பிடுவாங்களோன்னு.

யாருகிட்டயும் சொன்னதில்ல. எம் மவனுக்குத் தெரியாது, எந்தம்பிக்குத் தெரியாது. வாயில வருதா பாப்போம்னுதான் ஒங்ககிட்ட சொன்னேன். நீங்க யாரோ, நான் யாரோ, தாம்பரத்துல எறங்கிப் போயிடுவீங்க. வருது. இத்தன வருசத்துக்கு அப்பறமும் நல்லாவே வருது.

வாசல்ல போயி நின்னா வேம்பு ஓடி வரும், வாங்க அத்தன்னு சொம்புல தண்ணி கொண்டாந்து நீட்டும். அத வாங்கறதுக்கு முன்னால சொல்லிப்புடணும். போன தடவ வாங்கிக் குடிச்சிட்டேன்.